ஆறு மணி வரைக்கும்

நவம்பர் மாதத்தில் மலைக்குப் போவதென்றால் எனக்கு இரண்டு பட்டியல்கள் வேண்டும். ஒன்று இலையுதிர் காலத்துக்கு, மற்றது பனிக்காலத்துக்கு. கார் நிறுத்துமிடத்தில் மழைச்சட்டை போதும். மேலே ஏறி விளிம்பில் நிற்கும்போது கையுறைக்குள் இன்னொரு கையுறை வேண்டியிருக்கும். அந்த வருடம் இரண்டையும் ஒரே தாளில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் மற்றது என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். தண்ணீர், தேநீர்ப் பிளாஸ்க், காலுறை இரண்டு சோடி, ரோர்ச் லைற், பிளாஸ்டர், பாதையின் வரைபடம், கமெரா, ஊருக்குக் கதைக்க அவருடைய போன் கார்ட்.

அவருக்கும் எனக்கும் அந்த மே மாதம் எழுத்து முடிந்திருந்தது. சட்டப்படி பதிவு செய்துவிட்டோம்; தாலி கட்டவில்லை. அவருடைய அம்மாவை நான் மாமி என்று எழுதுகிறேன், அப்படிக் கூப்பிட எனக்கு வாய்த்தது தொலைபேசியில் மட்டும்தான். மாமி கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் கனடா விசாவுக்காகக் காத்திருந்தார். மாமி வந்து இறங்கிய பிறகுதான் தாலி என்பது மகனின் முடிவு. அதுவரை நான் ஸ்காபரோவில் என் அப்பா அம்மாவோடு. அவர் டோர்செட் பார்க்கில் ஒரு அப்பார்ட்மென்ட்டில், இரண்டு நண்பர்களோடு.

சனிக்கிழமை தோறும் அவர் மாமியோடு கதைப்பார். மலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, வழியில் ஒரு பெற்றோல் நிலையத்துப் பொதுத் தொலைபேசியிலிருந்து எடுப்பார். நாங்கள் அங்கே போய்ச் சேரப் பத்து மணியாகும். கொழும்பில் இரவு எட்டரை. மாமி சாப்பிட்டு முடித்துத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருப்பார். மகன் கார்டை அடிக்கடி தொலைப்பதால் அது என் கைப்பையில் இருக்கும்.

மலை என்று நான் சொல்வதை நுவரெலியாவைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ரொறன்ரோவுக்கு மேற்கே, மில்டன் பக்கம், தட்டையான வயல்களுக்கு நடுவே சுவர் போல எழும்பி நிற்கும் பாறை விளிம்பு அது. உச்சியை ஒட்டி ஒரு நடைபாதை போகிறது. வழி தவறாமலிருக்க மரங்களில் வெள்ளைப் பெயின்ற் அடித்திருப்பார்கள். நான் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தேன். வீதி போடுவதற்கு முன் மண்ணைச் சலித்து, காயவைத்து, நிறுத்து, எவ்வளவு பாரம் தாங்கும் என்று எழுதிக் கொடுக்கும் வேலை. செப்டெம்பரில் ஒரு வீதி வேலைக்காக மாதிரி எடுக்க அந்தப் பக்கம் அனுப்பினார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பாதையில் கொஞ்சத் தூரம் ஏறிப் பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

எங்கள் ஆட்களுக்கு அது பகிடி. "சம்பளம் இல்லாமல் மலை ஏறுற ஆக்களை இப்பத்தான் பாக்கிறன்" என்றார் அப்பா. மாமி மகனிடம் ஒவ்வொரு முறையும் கேட்பது, "அங்கை மேலை கோயில் ஏதும் இருக்கோ?" இல்லை என்றால், "பிறகேன் ஏறுறாய்?"

அந்தச் சனிக்கிழமை காலை ஏழுமணிக்குக் கொஞ்சம் முன்பு தொலைபேசி அடித்தது. நான் தேநீரைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டிருந்தேன். மொன்றியலிலிருந்து அவருடைய அக்கா.

"பிள்ளை, நீயோ?"

"ஓம் அக்கா. என்ன விடியக் காலமை?"

"பக்கத்திலை ஆர் நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"இருந்துகொண்டு கேள். அம்மா போயிட்டா."

நான் உட்காரவில்லை. பிளாஸ்கின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கொழும்பில் அன்று மத்தியானம், குளித்துவிட்டு வந்த மாமி நெஞ்சு நோகிறது என்றிருக்கிறார். ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அடுத்த நாள் தகனம்.

"தம்பிக்கு இப்ப சொல்லிப்போடாதை" என்றார் அக்கா. "அவன் கடைக்குட்டி. தாங்கமாட்டான். நாங்கள் இப்ப வெளிக்கிடுறம். பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு பின்னேரம் வந்திடுவம். நான் பக்கத்திலை இருந்துதான் அவனுக்குச் சொல்லவேணும்."

"அதுக்கிடையிலை ஆரும் அவருக்குப் போன் எடுத்தால்?"

"அதுதானே சொல்லுறன். நீங்கள் மலைக்குப் போறதெண்டு இருந்தனீங்கள்தானே? போங்கோ. ஆறு மணி வரைக்கும் அவனை வைச்சிரு. ஆறு மணிக்குக் கொண்டு வந்து விடு. விளங்குதோ?"

"ஓம் அக்கா."

வைச்சிரு என்ற சொல்லை எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ஆங்கிலத்தில் தினமும் பயன்படுத்துவோம். இத்தனை மணி வரைக்கும் இந்த மாதிரியை இந்த வெப்பத்தில் வைத்திரு, பிறகு எடுத்துக் கொடு. எனக்கு அது கைவந்த வேலை. ஓம் என்று சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை.

அம்மா எழும்பி வந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்தே பாதியை அறிந்துகொண்டார். மீதியைச் சொன்னேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "அக்கா சொல்லுறது சரி" என்றார். "அவன் ரெண்டு வாய் சாப்பிடட்டும். கேள்விப்பட்டாப் பிறகு தண்ணியும் இறங்காது."

எங்கள் வீடுகளில் சாவைச் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில், கொஞ்சம் சுகமில்லையாம் என்பார்கள். பிறகு, ஆஸ்பத்திரியிலை வைச்சிருக்கினமாம். ஆள் சாப்பிட்டு முடிந்து, இனசனம் வந்து சேர்ந்து, மூத்தவர் ஒருவர் பக்கத்தில் வந்து இருந்த பிறகுதான் கடைசிச் சொல். கடல் கடந்து வந்த பிறகு இந்த முறை இன்னும் இறுகிப்போயிற்று. ஒவ்வொருவரும் தனித்தனி அறைகளில் இருந்தார்கள், செய்தியோ தொலைபேசியில் வந்தது. என் பெரியப்பா இறந்ததை எனக்குச் சொன்னது கல்லூரியில் கடைசிப் பரீட்சை முடிந்து நாலாம் நாள். அதை நான் அன்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன். இன்றும் அது அன்பு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மா நான் செய்து வைத்திருந்த முட்டைச் சான்விச்சுகளை எடுத்துவிட்டு உருளைக்கிழங்குக் கறி வைத்து வேறு செய்தார். தெரியாதவனுக்குச் சாவுத் துடக்கு இல்லை, ஆனாலும் அதைத் தெரிந்த கை முட்டை கொடுக்கக் கூடாது என்றார். நான் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகச் சரி போட்டேன். போன் கார்டைக் கைப்பையிலிருந்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தேன்.

அவர் தன் கட்டடத்தின் கீழே வாசலில் நின்றார். பாதிவிலைக்கு வாங்கிய மலைச் சப்பாத்து, காதை மூடும் தொப்பி. ஏறும்போதே, "லிஸ்ற் மகாராணி, இண்டைக்கு என்ன, ரெண்டு நிமிஷம் லேற்?" என்றார்.

"ட்ராபிக்."

"சனிக்கிழமை காலமை ட்ராபிக்கோ? கண் ஏன் சிவந்திருக்கு?"

"வெங்காயம் வெட்டினனான்."

பெருந்தெருவில் ஏறுவதற்கு முன் எங்கள் ஆட்களின் சாப்பாட்டுக்கடை ஒன்று இருக்கிறது. "நிப்பாட்டும், நிப்பாட்டும், மட்டன் ரோல்ஸ் வாங்குவம்" என்றார்.

"அம்மா சாப்பாடு கட்டித் தந்தவ."

"என்ன?"

"உருளைக்கிழங்குச் சான்விச்."

"உம்மடை அம்மா என்னைப் பட்டினி போடுறதெண்டு முடிவெடுத்திட்டாவோ? மலைக்கு ஆரும் உருளைக்கிழங்கு கொண்டு போவினமே?" சிரித்தபடி கதவைத் திறந்தார்.

கடைக்காரர் அவருடைய ஊர்க்காரர். ஊரில் ஒருவர் இறந்தால் ஸ்காபரோக் கடைகளுக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் தெரிந்துவிடும். "நீங்கள் இருங்கோ, குளிருது, நான் வாங்கி வாறன்" என்று அவரை முந்திக்கொண்டு இறங்கினேன். கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவருடைய வாய் திறந்தது. நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் காருக்குள் இருப்பவரை எட்டிப் பார்த்தார், விளங்கிக்கொண்டார், குரலைத் தாழ்த்தி, "சரி தங்கச்சி, சரி" என்றார். ஆறு மட்டன் ரோல்ஸ் கேட்டேன். அவர் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுக் கட்டித் தந்தார். எண்ணெய் ஊறிய அந்தக் கடதாசிப் பையை என் கையாலேயே கொண்டுவந்து அவருடைய மடியில் வைத்தேன்.

பெற்றோல் நிலையத்துக்குச் சரியாகப் பத்து மணிக்கு வந்தோம். அவர் கையை நீட்டினார். "கார்டைத் தாரும்."

"கார்டை வீட்டிலை மறந்திட்டன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. மகிழ்ச்சிதான் இருந்தது. "நீரோ? மறந்தனீரோ? லிஸ்ற் எழுதி, சரி போட்டு, திருப்பி ஒருக்கால் பாக்கிற நீரோ?" காருக்குள் இருந்தபடியே கையைத் தட்டினார். "கடவுளே, இண்டைக்குத்தான் நீரும் மனிசர் எண்டு எனக்குத் தெரிஞ்சுது!" பிறகு பொதுத் தொலைபேசியை ஒருமுறை பார்த்தார். "பாவம், மனுசி பாத்துக்கொண்டு இருக்கப் போகுது. சரி, பின்னேரம் போன உடனை எடுப்பம். அங்கை விடியக் காலமை நாலரையாகும், அவ எழும்பியிருப்பா."

அங்கிருந்து மலை வரைக்கும் இருபத்தைந்து நிமிடம். அந்த நேரத்தில் மனதுக்குள் ஒரு பட்டியல் போட்டேன். சொல்லாமலிருக்கக் காரணங்கள்: இப்போது சொன்னாலும் அவர் கொழும்புக்குப் போகமுடியாது, பாஸ்போர்ட் இல்லாதவர் பயணப் பத்திரம் எடுக்கவே வாரக்கணக்காகும். காருக்குள் தனியாக என்னால் அவரைச் சமாளிக்கமுடியாது. அக்காவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அக்கா சொல்வதுதான் முறை. என் அம்மாவும் அதையே சொன்னார். தகனம் நடக்க இன்னும் நேரம் இருக்கிறது, ஆறு மணிக்குச் சொன்னாலும் ஒன்றும் பிந்திவிடாது. இந்த ஒரு பகலாவது அவர் சந்தோஷமாக இருக்கட்டும். ஏழு காரணங்கள். சொல்வதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது: அது அவருடைய அம்மா. ஏழு பெரிதா ஒன்று பெரிதா என்று எண்ணித்தான் பார்த்தேன். நிறுத்துப் பார்க்கவில்லை. தினமும் தராசோடு வேலை செய்கிறவள் நான்.

கார் நிறுத்துமிடத்தில் வேறு ஒரு காரும் இல்லை. இலைகள் எல்லாம் விழுந்து, கறுத்து, பாதையோடு ஒட்டிக் கிடந்தன. ஓக் மரங்கள் மட்டும் காய்ந்த இலைகளை விடாமல் வைத்திருந்தன. காற்றடிக்கும்போது அவை கடதாசி போலச் சத்தமிட்டன. போன வாரம் சேறாக இருந்த இடத்தில் மண் அரை அங்குலம் மேலே எழும்பி நின்றது. குனிந்து பார்த்தால் மேல்மண்ணுக்குக் கீழே நூற்றுக்கணக்கான ஐஸ் ஊசிகள், எல்லாம் நிமிர்ந்து நின்றன. ஈரமண் இரவில் உறையும்போது கீழே இருக்கும் நீர் மேலே இழுபட்டு ஊசி ஊசியாக வளர்ந்து மண்ணைத் தூக்கும். வேலையில் அது வீதியை வெடிக்கவைக்கும் ஒரு பிரச்சினை. அவருக்கு அது விளையாட்டு. ஊசிகள் நொறுங்கும் சத்தத்துக்காக அவர் பாதையின் ஓரத்திலேயே மிதித்துக்கொண்டு நடந்தார்.

"அம்மா வந்தால் முதல் இதைத்தான் காட்டவேணும்" என்றார். "நிலம் பல்லு முளைச்சு நிக்குது எண்டு சொல்லுவா."

முதல் முறை சொல்ல நான் வாயைத் திறந்தது அங்கேதான். "இஞ்சேருங்கோ" என்றேன். அவர் திரும்பினார். மூக்கு நுனி சிவந்து, வாயிலிருந்து புகை போல மூச்சு வர, என்ன என்று புருவத்தை உயர்த்தினார். "சப்பாத்து நூல் அவிழ்ந்திருக்கு" என்றேன். உண்மையிலேயே அவிழ்ந்திருந்தது.

அன்று முழுக்க அவர் மாமிக்காகப் பாதையை அளந்துகொண்டு வந்தார். அடுத்த இலையுதிர் காலத்தில் மாமியைக் கூட்டிவரும்போது எதுவரைக்கும் நடக்கவைக்கலாம் என்பதுதான் அவருடைய கணக்கு. முதல் வளைவு சரிவராது, வேர்கள் அதிகம். வேர்களைத் தாண்டிவிட்டால் சமதரை. பாறை வெடிப்புக்கு மேல் போட்டிருக்கும் சின்ன மரப்பாலம் ஆபத்தில்லை, கைபிடி இருக்கிறது. அதற்கு அப்பால் உட்கார ஒரு மரவாங்கு, அங்கிருந்து பார்த்தால் கீழே வயல்கள் எல்லாம் தெரியும்.

"இந்த வாங்கு வரைக்கும் வருவா" என்றார். "முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு, ஏன்ரா கூட்டிவந்தனி எண்டு என்னைப் பேசிப் பேசி வருவா. ஆனால் வருவா. கார் நிப்பாட்டின இடத்திலை இருந்து இது எவ்வளவு தூரம்? நீர்தானே அளக்கிற ஆள்."

"தெரியேல்லை."

"திரும்பேக்கை எண்ணும்."

திரும்பும்போது எண்ணினேன். என் கால்களால் ஐந்நூற்று நாற்பது அடிகள். அவருக்குச் சொன்னேன். அவர் அதைத் தன் கைவிரலில் எழுதுவதுபோலப் பாவனை செய்து, "அம்மாவின்ரை காலாலை ஆயிரம்" என்றார்.

அந்த வாங்கில் இருந்துதான் சாப்பிட்டோம். பாறையின் முகத்தில், வெயில் படாத பக்கத்தில், நீர் கசிந்து சிறு சிறு தண்டுகளாக உறையத் தொடங்கியிருந்தது. அவர் ரோல்ஸை எடுத்து எனக்கு ஒன்று நீட்டினார். வேண்டாம், வயிறு சரியில்லை என்றேன். அவர் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டார். நாலாவதைக் கடிக்கும்போது, "அம்மான்ரை கறியிலை இந்த ரோல்ஸ் செய்தால் எப்பிடி இருக்கும் தெரியுமோ?" என்றார். அது இரண்டாவது முறை. அவருடைய கையிலிருந்ததைப் பறித்து எறியவேண்டும் என்று என் கை எழும்பியது. எழும்பிய கையால் தேநீரை ஊற்றிக் கொடுத்தேன்.

ஒன்றரை மணிக்கு மேல் வானம் மேற்கிலிருந்து மூடிக்கொண்டு வந்தது. காற்று ஒரேயடியாக நின்றது. உச்சி விளிம்பில் நாங்கள் நிற்கும்போது முதலில் ஓக் இலைகளில் அரிசி தூவுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றுபோய்ப் பனி பஞ்சாக விழத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் கீழே இருந்த வயல்கள் காணாமல் போயின. பட்டியலின் இடது பக்கம் முடிந்து வலது பக்கம் தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அன்று நான் நினைத்தவற்றில் அது ஒன்றுதான் அந்தச் செய்தியைப் பற்றியது இல்லை.

அவர் விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு பாறையில் ஏறி நின்று கைகளை விரித்தார். "போட்டோ எடும். அம்மாவுக்கு அனுப்புவம். கோயில் இல்லை, ஆனால் இதைப் பாரணை அம்மா எண்டு எழுதுவம்."

கமெராவின் சின்னக் கண்ணாடிக்குள் அவர் சிரித்துக்கொண்டு நின்றார். தொப்பியிலும் மீசையிலும் பனி. மூன்றாவது முறை சொல்ல வாய் எடுத்தேன். ஆனால் அவர் நின்றது விளிம்பில், பாறை ஈரம், செய்தியைக் கேட்டுக் கால் தவறினால்? அதை எட்டாவது காரணமாகச் சேர்த்துக்கொண்டேன். அந்த ஒரு காரணம் மட்டும் நியாயமானது என்று இப்போதும் நினைக்கிறேன். அவர் பாறையிலிருந்து இறங்கிய பிறகு அதுவும் இல்லாமல் போனது; நான் அப்போதும் சொல்லவில்லை.

நாலு மணிக்குக் காரில் ஏறினோம். ஹீற்றரின் சூட்டில் அவர் உடனே நித்திரையாகிவிட்டார். வைப்பர் பனியைத் தள்ளத் தள்ள மெதுவாக ஓட்டினேன். இருட்டிவிட்டது. அவருடைய தலை என் பக்கம் சரிந்திருந்தது. நாலாவது முறை, பெருந்தெருவிலிருந்து இறங்கும் எங்கள் வெளிவழிக்குக் கொஞ்சம் முன்பு, காரை ஓரத்தில் நிறுத்தினேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "வந்திட்டமோ?" என்றார். "இன்னும் இல்லை, படுங்கோ" என்றேன். திரும்பவும் காரை எடுத்தேன். இருபது நிமிடம்தான் மிச்சம், இனி அக்காவின் பொறுப்பு என்று மனம் சொல்லியது.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க அவருடைய கட்டடத்துக்கு வந்தோம். வாசலுக்கு எதிரே கியூபெக் இலக்கத்தகடோடு அக்காவின் கணவரான அத்தானின் கார் நின்றது.

"இதென்ன, அக்கா ஆக்களோ?" என்று எழும்பி உட்கார்ந்தார். "சொல்லாமல் கொள்ளாமல்! உமக்குத் தெரியுமோ? தெரியும், முகத்தைப் பாத்தாலே தெரியுது. கள்ளி! அதுதான் காலமையிலை இருந்து ஒரு மாதிரி இருந்தனீர்!" நான் காரை ஒழுங்காக நிறுத்துவதற்குள் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். லிஃப்ற்றுக்குக் காத்திருக்காமல் படியால் ஏறி ஓடினார்.

நான் லிஃப்ற்றில் போனேன். ஆறாம் மாடியில் கதவு திறக்கும்போது அக்காவின் குரல் கேட்டது. பிறகு அவருடைய குரல்.

வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். என் அப்பா, அம்மா, அந்த இரண்டு நண்பர்கள், கட்டடத்தில் இருந்த எங்கள் ஆட்கள். ஒருவர் தேவாரம் படித்தார். பெண்கள் இருந்த பக்கத்தில் போய் இருந்தேன். எல்லாம் முறைப்படி நடந்தது. அக்கா அவருடைய தலையை மடியில் வைத்திருந்தார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அவர் தலையைத் தூக்கி அறை முழுக்கத் தேடி என்னைக் கண்டுபிடித்தார்.

"உமக்கு எப்ப தெரியும்?"

அக்கா குறுக்கே விழுந்தார். "அவளை விடு ராசா. நான்தான் சொல்லவேண்டாம் எண்டனான்."

"நான் அவவைத்தான் கேக்கிறன். எப்ப தெரியும்?"

"ஏழு மணிக்கு முன்னம்."

"காலமையோ?"

"ஓம்."

ஒரு கணக்கைச் சரிபார்க்கிறவர்போல இருந்தது அவருடைய முகம். "அப்ப கார்டை நீர் மறக்கேல்லை" என்றார்.

"இல்லை."

அவர் எழும்பிக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. தானாக வந்த வாந்தி இல்லை. தொண்டைக்குள் விரலை விட்டு, திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார். தாய்க்குக் கொள்ளி வைக்கவேண்டியவன் கடைசி மகன். அங்கே அதை ஒரு மருமகன்முறைப் பையன் வைக்கப்போகிறான். இங்கே இவரால் செய்யக்கூடியதாக இருந்தது வெறும் வயிற்றோடு இருப்பது மட்டும்தான். அதையும் நான் என் கையால் வாங்கிக் கொடுத்துக் கெடுத்திருந்தேன். தேவாரம் படித்தவர் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அம்மா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் என்னை ஒருநாளும் ஏசவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் அவருக்குப் பக்கத்தில் நின்றேன், பாத்திரம் எடுத்துக் கொடுத்தேன். ஒரு வருடத்துக்கு வீட்டில் நல்ல காரியம் இல்லை, தாலியும் இல்லை. அந்த ஒரு வருடம் எங்களுக்கு நல்லது என்று முதலில் நினைத்தேன். காயட்டும், பிறகு பார்ப்போம் என்று நினைத்தேன். மண் காய்ந்தால் பாரம் தாங்கும்.

ஏப்ரலில் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா தேநீர் கொடுத்துவிட்டு அறைக்குள் போனார். அவர் தேநீரைக் குடித்து முடித்த பிறகுதான் கதைத்தார்.

"அக்காவிலை எனக்குக் கோபம் இல்லை. அவ என்னை எப்பவும் சின்னப்பிள்ளையாத்தான் பாப்பா. அவவுக்கு நான் இன்னும் ஒன்பது வயசு. உம்மோடை மட்டும்தான் நான் ஒரு பெரிய மனிசன் எண்டு நினைச்சிருந்தனான்."

"உங்களைத் தாங்கேலாமல் போயிடும் எண்டு பயந்தன்."

"தாங்கேலாமல்தான் போகும். அது என்ரை அம்மா. தாங்கேலாமல் போறது என்ரை பாடு." கோப்பையைக் கீழே வைத்தார். "நான் சிரிச்சுக்கொண்டு இருந்தனான். நீர் பாத்துக்கொண்டு இருந்தனீர். இனி நான் சிரிக்கேக்கை நீர் என்னைப் பாத்தால், இவவுக்கு என்ன தெரியுமோ எண்டு யோசிப்பன். அப்பிடி ஒரு வீட்டிலை எப்பிடி இருக்கிறது?"

நான் எட்டுக் காரணங்களையும் சொல்லிப் பார்த்தேன். அவர் ஒவ்வொன்றையும் கேட்டு, ஓம், ஓம் என்றார். எல்லாம் சரி என்று ஒப்புக்கொண்டார். பிறகு எழும்பிப் போனார்.

எழுத்தை ரத்துச் செய்ய அடுத்த நவம்பர் வரைக்கும் ஆனது. கடைசிக் கையெழுத்துக்கு ஒரு பிளாசாவின் மாடியில் இருந்த வக்கீல் கந்தோருக்குத் தனித்தனியாக வந்தோம். வெளியே வரும்போது ஆலங்கட்டி மழை. அவருக்குப் பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. மழை விடும் வரைக்கும் காருக்குள் இருங்கோ என்றேன். ஏறினார். கண்ணாடிகள் மூச்சில் மூடிப்போயின. இரண்டு பேரும் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒண்டு கேக்கலாமோ?" என்றார்.

"கேளுங்கோ."

"அந்தச் சனிக்கிழமை நான் என்ன கதைச்சனான்? எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை. காலமை காரிலை ஏறினது தெரியும். பிறகு அக்காவின்ரை முகம்தான். நடுவிலை ஒண்டும் இல்லை. அம்மா செத்த அண்டைக்கு நான் அம்மாவைப் பற்றி ஏதும் கதைச்சனானோ எண்டு தெரியவேணும். உங்களைத் தவிர வேறை ஒருத்தரையும் கேக்கேலாது."

அவருடைய அந்த நாள் முழுவதும் என்னிடம்தான் இருந்தது. அன்று நான் பார்த்ததுபோல ஒரு மனிதரை நான் அதற்கு முன்போ பிறகோ பார்த்ததில்லை. ஒரு சொல் தப்பவில்லை. வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன். வாசலில் சொன்ன பகிடி. பெற்றோல் நிலையத்தில், மனுசி பாத்துக்கொண்டு இருக்கும் என்றது. நிலம் பல்லு முளைத்து நிற்குது என்று மாமி சொல்லுவா என்றது. வேர், மரப்பாலம், வாங்கு. முழங்காலைப் பிடித்துக்கொண்டு பேசிப் பேசி வருவா என்றது. ரோல்ஸையும் விடவில்லை, மாமியின் கறியைப் பற்றிச் சொன்னதையும் விடவில்லை. நான் சொல்ல வெளிக்கிட்டு விட்ட நாலு இடங்களையும் அந்தந்த இடத்தில் சேர்த்துச் சொன்னேன். ஒரு இடத்தில் மட்டும் அவர், "பேசிப் பேசி" என்று தனக்குள் சொல்லி மூக்கால் ஒருமுறை சிரித்தார்.

பனி, போட்டோ, ஹீற்றர், நித்திரை. கார் நின்றபோது வந்திட்டமோ என்று கேட்டது. பிறகு கட்டடத்து வாசல் வந்தது. "அத்தான்ரை காரைக் கண்டிட்டு நீங்கள் சொன்னீங்கள்" என்று தொடங்கினேன்.

அவர் கையைத் தூக்கினார்.

"காணும்" என்றார். "அங்காலை எனக்குத் தெரியும்."

மழை விடவில்லை. கதவைத் திறந்து இறங்கி, சட்டைக் கொலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பஸ் தரிப்பை நோக்கி நடந்தார். மூடிப்போயிருந்த கண்ணாடியை நான் துடைக்கவில்லை.